வைரஸ் எழுதி வைத்த கணக்கு

போன வருஷம் எங்கட கம்பஸில் இரத்ததான முகாம் ஒன்று நடந்தது. என்னோடு வரிசையில் நின்று இரத்தம் கொடுத்த நண்பனுக்கு மூன்று கிழமை கழித்து ஒரு அழைப்பு. "உங்கட இரத்தத்தை இன்னொருக்கா பாக்க வேணும் தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ." ஹெபடைடிஸ் சி இருக்கலாம் என்று சந்தேகம். அதை அவன் ஒரே ஒருத்தனுக்குத்தான் சொன்னான். அடுத்த நாள் காலமை ஹொஸ்டல் முழுக்கத் தெரிந்திருந்தது. அறையில் கூட இருந்தவன் தன்ர தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தான். "ஊசி கீசி அடிக்கிறவனோ?" என்று ஒருத்தன் கேட்டான். "எங்கயாவது போய் வந்திருப்பான் மச்சான்" என்று இன்னொருத்தன் சிரித்தான்.

இரண்டாவது பரிசோதனையில் அவனுக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. முதலில் செய்யும் பரிசோதனை வைரஸை நேரே தேடுவதில்லை. அதை எதிர்க்க எங்கட உடம்பு செய்யும் பிறபொருளெதிரியைத்தான் தேடுகிறது. இலங்கை மாதிரி இந்த நோய் மிகக் குறைவாக உள்ள நாட்டில், முதல் பரிசோதனையில் 'இருக்கு' என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் நோய் இருக்காது. அதனால்தான் இரண்டாந்தரம் கூப்பிடுகிறார்கள். கோப்பையால் இந்த வைரஸ் பரவுவதும் இல்லை. இரத்தம் இரத்தத்தோடு கலக்க வேணும்.

ஆனால் "அவனுக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிக் கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்திருந்தால்? அப்போது அந்தக் கேள்விகள் நியாயமாகி இருக்குமோ? இந்த யோசனையோடு வாசிக்கத் தொடங்கி, கடைசியில் எகிப்தில் போய் நின்றேன். ஹெபடைடிஸ் சி உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த நாடு அதுதான். 2008இல் எடுத்த தேசிய ஆய்வில், 15 முதல் 59 வயது வரையான எகிப்தியரில் 14.7 வீதமானவர்களின் இரத்தத்தில் இந்த வைரஸ் வந்து போனதற்கான, அல்லது இன்னும் இருப்பதற்கான அடையாளம் இருந்தது. ஏழு பேரில் ஒருத்தர். அதுவும் கெய்ரோ நகரத்து இளசுகளை விட, நைல் நதியின் கழிமுகத்து வயல்களில் வேலை செய்து வயதானவர்களில்தான் கூட. அந்தக் கமக்காரக் கிழவர்களிடமும் "என்ன பழக்கம் உங்களுக்கு?" என்று கேட்கலாமோ?

பதில் ஒரு வாய்க்காலில் தொடங்குகிறது. நைல் கரை வாய்க்கால்களில் வாழும் ஒரு வகை நத்தைக்குள் ஒரு புழு வளர்கிறது. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் மனிதரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பில்ஹார்சியா என்று அந்த நோய்க்குப் பெயர். சிறுநீரில் இரத்தம் போகும், காலப்போக்கில் சிறுநீர்ப்பை, ஈரல் எல்லாம் பழுதாகும். 1851இல் கெய்ரோவில் வைத்து அந்தப் புழுவைக் கண்டுபிடித்த தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியரின் பெயர்தான் நோய்க்கும் வந்தது. வயலுக்குள் இறங்காமல் கமம் செய்ய முடியாது. ஆகவே ஊர் ஊராக இந்த நோய்.

இதற்கு அன்று இருந்த மருந்து அந்திமனி கலந்த ஒரு உப்பு. குடிக்க முடியாது, நாளத்தில் ஊசியாகத்தான் ஏற்ற வேணும். ஒரு ஊசி போதாது. கிழமைக் கணக்கில் பத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். 1920களிலேயே எகிப்தில் இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது. 1950களில் இருந்து அரசாங்கமே அதைப் பெரிய இயக்கமாக ஊர் ஊராகக் கொண்டு போனது. வாயால் விழுங்கும் மாத்திரை வந்து ஊசியை ஓரங்கட்டிய 1980கள் வரை அது நடந்தது. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் அந்த இயக்கத்தில் பாவிக்கப்படவில்லை. கண்ணாடிச் சிரிஞ்ச். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்க, இருக்கிற கொஞ்சச் சிரிஞ்சை அவசரம் அவசரமாக அவித்து, சில இடங்களில் சரியாக அவிக்காமலும், அடுத்தவருக்குப் போட்டார்கள். புழு குறைந்தது. அதே ஊசியில் இன்னொன்று ஏறியது.

இதை முழுமையாக எடுத்துச் சொன்ன ஆய்வு 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எந்த வயதினர் எந்தப் பகுதியில் அந்த ஊசியைக் கூடப் போட்டார்களோ, அவர்களிடம்தான் ஹெபடைடிஸ் சியும் கூட இருந்தது என்று அது காட்டியது. ஆனால் வயதும் ஊரும் பொருந்துவது மட்டும் போதுமோ என்று யாரும் கேட்கலாம். இங்கேதான் வைரஸின் மரபணு சாட்சிக்கு வருகிறது.

எங்கட சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது எழுத்துப் பிழை வரும். அந்தப் பிழையோடு அடுத்த பிரதி, அதில் புதுப் பிழை. பல ஊர் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தால், எது எதைப் பார்த்து எழுதியது என்று ஓரளவு சொல்லலாம். ஹெபடைடிஸ் சியும் இப்படித்தான். கிட்டத்தட்ட 9600 எழுத்து நீளமான ஒரு ஏடு அது. தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை பார்க்கும் பழக்கம் அதுக்கு இல்லை. ஆயிரம் எழுத்துக்கு வருஷம் ஒன்று என்ற அளவில் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இன்று பல நோயாளரிடம் எடுத்த வைரஸ்களை ஒப்பிட்டால், அவை எல்லாம் எந்தக் காலத்தில் ஒரே மூலத்தில் இருந்து பிரிந்தன, எப்போது வேகமாகப் பெருகின என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். மூலக்கூற்றுக் கடிகாரம் என்று இதைச் சொல்லுவினம்.

இந்த வைரஸில் எட்டு மரபுவகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எழுத்துகளில் கிட்டத்தட்ட 30 வீத வித்தியாசம். ஒவ்வொன்றுக்குள்ளும் உபவகைகள், மொத்தம் எண்பதுக்கு மேல். மத்திய ஆபிரிக்காவில், உதாரணமாகக் கமரூனில், ஒரே நாட்டுக்குள் 1, 2, 4 என்று பல வகை, அதற்குள் எத்தனையோ உபவகை. வைரஸ் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் மெதுவாக இருந்து பிரிந்து பிரிந்து வளர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. எகிப்தில் நிலைமை வேறு. நோயாளரில் பத்தில் ஒன்பது பேரளவில் 4ஆம் மரபுவகை. அதிலும் பெரும்பாலும் 4ஏ என்ற ஒரே உபவகை. ஒரு குடும்பமே நாட்டைப் பிடித்த மாதிரி.

நாட்டின் பல பகுதிகளில் எடுத்த வைரஸ் வரிசைகளை வைத்து 2003இல் ஒரு ஆய்வுக் குழு அந்தக் கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டியது. 1930க்கும் 1955க்கும் இடையில் அந்த வைரஸ் கிடுகிடுவென்று பெருகியிருக்கிறது என்று வந்தது. ஊசிச் சிகிச்சை பரவத் தொடங்கிய காலத்தோடு அது ஒத்துப் போகிறது. அரசாங்கத்தின் பெரிய இயக்கம் தொடங்க முன்னரே நெருப்புப் பிடித்துவிட்டது, இயக்கம் அதில் எண்ணெய் ஊற்றியது என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு ஊர் நோயாளரின் வைரஸ் வகையைப் படிப்பது வெறும் ஆய்வுகூட வேலை இல்லை. அந்த மக்களுக்கு என்ன நடந்தது என்பதற்கான பதிவு அது. சுகாதாரத் திணைக்களத்தின் கோப்புகள் கறையான் அரிக்கலாம், ஊசி போட்டவர் செத்துப் போகலாம், ஊசி வாங்கினவருக்கே அது மறந்து போகலாம். எழுத்தில் எழுத்தாக மாறிய வைரஸில் அந்தக் கணக்கு கிடக்கு. "என்ன பழக்கமோ" என்று கேட்ட வாயை மூடுவதற்கு அதை விடப் பலமான சாட்சி எனக்குத் தெரியாது.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். அந்த வைத்தியர்களுக்கு என்ன தெரியும், பாவம்? ஹெபடைடிஸ் சி வைரஸை அடையாளம் கண்டதே 1989இல்தானே? உண்மை. அந்த வேலைகளுக்காக 2020இல் மூன்று பேருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் சிரிஞ்சைத் திருப்பிப் பாவித்தால் செங்கமாரி பரவும் என்பது 1940களிலேயே வைத்திய உலகத்துக்குத் தெரியும். பிரித்தானியாவில் மேகநோய்க்கு ஊசி போட்ட கிளினிக்குகளில் அப்படி நடந்து, மருத்துவ இதழ்களில் எழுதியும் இருந்தார்கள். வைரஸின் பெயர்தான் தெரியாது, ஆபத்து தெரியும். எகிப்தில் ஊசி போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெரிய நோயை ஒழிக்கத்தான் அவர்கள் ஊர் ஊராய்ப் போனார்கள். எத்தனை பேருக்குப் போட்டோம் என்ற எண்ணிக்கை பெரிதாகி, எப்படிப் போட்டோம் என்பது சிறிதாகியது. அதற்கு விலை கொடுத்தது கமக்காரர்.

இன்னொன்றும் சொல்ல வேணும், இல்லாட்டி இதையே யாராவது வெட்டி எடுத்துத் தடுப்பூசிக்கு எதிராகப் போட்டுவிடுவார்கள். இங்கே குற்றவாளி ஊசி இல்லை, திருப்பிப் பாவித்த ஊசி. பெட்டியில் இருந்து உங்கள் கண் முன்னாலேயே உடைத்து எடுக்கும் சிரிஞ்சுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சிரிஞ்ச் இன்று உடைத்து எடுக்கப்படுவதே இப்படியான கதைகளால்தான்.

இனி மருந்துக்கு வருவோம். யாருடைய வைரஸ் படிக்கப்பட்டது, யாருடையது படிக்கப்படவில்லை என்பது அங்கேதான் நோகும். பல வருஷமாக இந்த நோய்க்கு இருந்தது இன்டர்பெரோன் ஊசி. கிழமைக்கு ஒன்று, 48 கிழமை. காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு எல்லாம் தாங்க வேணும். 4ஆம் வகைக்காரரில் அரைவாசி அளவில்தான் குணமாகினர். ஊசியால் வந்த நோய்க்குத் திரும்பவும் ஊசி! பிறகு சொபொஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்கா அதை அனுமதித்தது. 4ஆம் வகைக்கும் கொடுக்கலாம் என்பதற்கு அடிப்படையாக இருந்த முக்கிய பரிசோதனையில் 327 பேர் இருந்தார்கள். 4ஆம் வகைக்காரர் 28 பேர். மிச்சம் பெரும்பாலும் அமெரிக்காவில் அதிகம் உள்ள 1ஆம் வகை. உலகத்திலேயே இந்த நோய் அதிகமாக இருந்த நாட்டின் வைரஸுக்கு 28 கதிரை! அந்த 28 பேரில் 27 பேர் குணமானது எகிப்தின் அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டம் என்று ஏன் சொல்கிறேன்? ருவாண்டாவைப் பாருங்கள். அங்கேயும் 4ஆம் வகைதான் முக்கியம். பெயர் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றுதான் என்று யாரும் நினைப்பார்கள். அங்கே 300 பேருக்கு சொபொஸ்புவிரும் லெடிபஸ்விரும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மொத்தத்தில் 87 வீதம் பேர் குணமாகினர். ஆனால் 4ஆர் என்ற உபவகை இருந்தவர்களில் 56 வீதம் பேர் மட்டும்தான். அந்த உபவகையின் எழுத்துகளில், மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய இடமே இயற்கையாக வேறு மாதிரி இருந்தது. மருந்தைச் செய்தவர்கள் அப்படி ஒரு பூட்டைப் பெரிதாகப் பார்த்ததே இல்லை. பிறகு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையைக் கொடுத்துத் தோற்றவர்களில் பெரும்பாலானோரைக் குணப்படுத்தினார்கள். ஆனால் அந்த ஆய்வை ருவாண்டாவிலேயே போய்ச் செய்திராவிட்டால்? மருந்து வேலை செய்யாத நோயாளரைப் பார்த்து "ஒழுங்கா குளிசை போட்டிருக்க மாட்டாய்" என்று சொல்லியிருப்பார்கள். திரும்பவும் அதே பழி.

எங்கட பக்கத்துக்கும் ஒரு உதாரணம் இருக்கு. எட்டாவது மரபுவகை 2018இல்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. கண்டுபிடித்த இடம் கனடா. அந்த வைரஸ் இருந்த நாலு பேரும் இந்தியாவின் பஞ்சாபில் இருந்து போனவர்கள். அதாவது தெற்காசியாவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வகையே, அந்த மனிதர்கள் கடல் கடந்து, வரிசை பார்க்க வசதியுள்ள ஆய்வுகூடம் ஒன்றின் கதவைத் தட்டிய பிறகுதான் 'கண்டுபிடிக்க'ப்பட்டது. எங்கட ஆட்களின் உடம்பு கனடாவுக்குப் போனால்தான் அதுக்குள் இருப்பது அறிவாகும் என்றால், அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது எல்லா மரபுவகைக்கும் கேட்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2018இல் இருந்து உலக சுகாதார நிறுவனமும் வளர்ந்தவர்களுக்கு அவற்றைத்தான் பரிந்துரைக்கிறது. வகை பார்த்துக்கொண்டு நிற்காமல் மருந்தைத் தொடங்கலாம். அப்படியென்றால் இந்த ஆராய்ச்சி எல்லாம் இனி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. ஏழை நோயாளி ஒருவரிடம் "முதலில் உன்ர வைரஸின் வகையைப் பார்க்கக் காசு கட்டு, பிறகுதான் குளிசை" என்று சொல்வது அநியாயம். வகை பார்ப்பது சிகிச்சைக்குப் போடும் கேற் ஆகக் கூடாது. ஆனால் நாட்டுக்குள் என்ன வகைகள் சுற்றுகின்றன என்று அரசும் பல்கலைக்கழகங்களும் இடைக்கிடை மாதிரி எடுத்துப் பார்ப்பது வேறு விஷயம். 4ஆர் கதை அதைத்தான் சொல்கிறது. இந்த வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை, அதற்கு ஒரு முக்கியக் காரணமே இந்த வேற்றுமைதான். நாளைக்கு ஒரு தடுப்பூசி வரும்போது அது யாருடைய வைரஸைப் பார்த்துச் செய்யப்பட்டிருக்கும்? பட்டியலில் இல்லாதவர்களுடையதைப் பார்த்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

எகிப்து இதில் எனக்குப் பிடித்த ஒரு வேலையைச் செய்தது. அமெரிக்காவில் அந்த மாத்திரையின் 12 கிழமைச் சிகிச்சைக்கு 84,000 டொலர் விலை. எகிப்து அரசு 2014இல் கம்பனியோடு பேரம் பேசி 900 டொலருக்கு வாங்கியது. பிறகு உள்ளூர்க் கம்பனிகள் செய்யத் தொடங்க, விலை நூறு டொலருக்கும் கீழே இறங்கியது. 2018 ஒக்டோபரில் தொடங்கி ஏழு மாதத்துக்குள் சுமார் 5 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள். சுமார் 22 லட்சம் பேருக்கு அடையாளம் தெரிந்தது. அவர்களை மேலும் பரிசோதித்து, நோய் உறுதியானவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை. முடிவு தெரிந்தவர்களில் 98 வீதத்துக்கும் மேல் குணம். 2023இல் ஹெபடைடிஸ் சியை ஒழிக்கும் பாதையில் தங்கத் தரத்தை எட்டிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எகிப்தை அறிவித்தது.

இதைச் செய்ய எகிப்துக்கு முடிந்ததன் பின்னால், நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்காத ஒரு பார்வையும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாடு முழுக்க வரிசையில் நின்று விரலைக் குத்தினால் அது யாருக்கும் வெட்கம் இல்லை. எல்லாருடைய தாத்தாவுக்கும் வந்த நோய், எல்லாருக்கும் பரிசோதனை. தனி ஒருத்தனைப் பிடித்து "நீ மட்டும் வா" என்று கூப்பிடும்போதுதான் ஹொஸ்டல் கதை கட்டும்.

இன்று உலகத்தில் இந்த நோயாளர் அதிகம் உள்ள நாடு பாகிஸ்தான். அங்கே 3ஆம் வகை. தேவையில்லாத ஊசிகளும் திருப்பிப் பாவிக்கும் சிரிஞ்சுகளும் இன்னும் அங்கே பெரிய காரணம். "ஒரு ஊசியைப் போட்டு விடுங்கோ டொக்டர், அப்பத்தான் கெதியாச் சுகம் வரும்" என்ற ஆசை எங்கட வீடுகளிலும் இல்லாமல் இல்லை. எங்கள் நாட்டில் இந்த நோய் குறைவாக இருப்பது நாங்கள் நல்ல பிள்ளைகள் என்பதால் இல்லை. இரத்தப் பரிசோதனை, சுத்தமான சிரிஞ்ச், இலவச வைத்தியம் என்று யாரோ கவனமாகக் கட்டி வைத்திருக்கிற ஒரு ஏற்பாட்டால். நண்பனுக்கு வந்த அந்த அழைப்பும் அதே ஏற்பாட்டின் ஒரு துண்டுதான். அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நாங்கள்தான் அதைக் குற்றப்பத்திரிகை மாதிரி வாசித்தோம்.

இரத்ததான முகாம் இந்த வருஷமும் வந்தது. நண்பன் வரவில்லை. "என்னைத் திரும்பக் கூப்பிட்டா திரும்பவும் அதே கதைதான் மச்சான்" என்றான். கோப்பையைத் தனியாக வைத்தவன் அன்று எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றான். நானும் ஒன்றும் சொல்லவில்லை, போன வருஷம் மாதிரியே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.